மருதாணிச் செடிக்குப் போகாத தண்ணீர்

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலக்கும். சிலருக்கு வாய் ஓயாது. எனக்கு வலது கை அரிக்கும். எதையாவது எழுதினால்தான் அடங்கும்.

வட நைஜீரியாவின் கட்சினாவில் எங்கள் வீட்டில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. என் கணவர் மாலம். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர். ஊரில் யாருக்காவது காய்ச்சல், கண்ணேறு, பிரசவம் என்றால் மரப்பலகையில் வேத வசனம் எழுதி, அதைக் கழுவி, அந்த மைத்தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார். எழுத்துத் தண்ணீர் என்றால் எங்கள் வீட்டு வாசல்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

நான் யாரிடமும் உட்கார்ந்து படித்ததில்லை. வாசல் அறையில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிக் கத்துவதை அடுப்படியில் சோளக் களி கிண்டியபடியே கேட்பேன். பெருக்கப் போகும்போது சுவரில் சாய்த்த பலகைகளைப் பார்ப்பேன். காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் ஒருநாள் தாமாகவே சேர்ந்துகொண்டன. அரபி எழுத்தில் எங்கள் ஹௌசாப் பேச்சை எழுத எனக்கு வந்துவிட்டது.

வெடித்துப்போன பலகை ஒன்று மூலையில் கிடந்தது. கேட்டேன்.

"வெச்சுக்க தசல்லா. அதுல இனிமே வசனம் எழுத முடியாது" என்றார் மாலம். "ஆனா எழுதிக் கழுவுற தண்ணிய மட்டும் கால் படற எடத்துல ஊத்தாத. என்ன எழுதினாலும் மை மைதான்."

அந்தப் பலகையில் நான் எழுதியதெல்லாம் என் பயங்களைத்தான். 'கூரை விழப்போகிறது.' 'மாலத்தின் இருமல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது.' 'இந்த வருஷம் மழை வராது.' எழுதும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆனால் கை நடுங்காது. எழுதியதை ஒருதரம் படித்துப் பார்ப்பேன். பிறகு கிண்ணத்தில் கழுவி, பின்சுவர் மூலையில் இருந்த மருதாணிச் செடிக்கு ஊற்றிவிடுவேன். தண்ணீர் கறுக்கக் கறுக்க எனக்கு மூச்சு சீராகும்.

கூரை விழவில்லை. மாலத்தின் இருமல் போய்விட்டது. மழையும் முன்னே பின்னே வந்தது. எழுதிக் கழுவிய எதுவும் நடக்கவில்லை என்பதை நான் கவனித்து வைத்திருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அந்த ராசி போய்விடுமோ என்று ஒரு பயம். அந்தப் பயத்தையும் எழுதிக் கழுவினேன்.

என் சக்களத்தி டேலுவுக்கு இதெல்லாம் வேடிக்கை. எனக்குப் பிறகு எட்டு வருஷம் கழித்து இந்த வீட்டுக்கு வந்தவள்.

"அக்கா, இன்னிக்கு என்ன எழுதறே? என்னைப் பத்தியா?"

"உன்னைப் பத்தி எழுத ஒரு பலகை போதாதுடி."

"அதான் அந்தச் செடி இவ்வளவு கொழுத்துப் போச்சு. என் பாவத்தையெல்லாம் குடிச்சுருக்கு."

செடி கொழுத்திருந்தது உண்மை. அதன் இலையை அரைத்து வைத்தால் கை கருகிப்போகிற மாதிரி சிவக்கும். தெருப் பெண்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். கொடுக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் உறுத்தும்.

டேலுவின் தலைப்பிள்ளைதான் ஹன்சத்து. எங்களில் தலைப்பிள்ளையைப் பெற்றவள் கொஞ்சமாட்டாள். ஊர் பார்க்கத் தூக்கமாட்டாள். நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேசவும் மாட்டாள். பேரைச் சொல்லுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அது வெட்கம், அதுதான் மரியாதையும். ஆகவே பால் கொடுத்தது டேலு, வளர்த்தது நான். என் வயிற்றில் எதுவும் தங்கவில்லை, என் மடி சும்மாத்தான் இருந்தது. ஹன்சத்து என்னைத்தான் 'உம்மா' என்று கூப்பிட்டாள். டேலு அவளைப் பற்றிப் பேசினால் 'அந்தப் பொண்ணு' என்பாள், இல்லையென்றால் 'உன் மக'. பதினேழு வருஷத்தில் அந்தப் பேர் டேலுவின் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

கல்யாணமாகி, முதல் பிரசவத்துக்கு ஏழாம் மாதம் ஹன்சத்து எங்களிடம் வந்தாள். வந்த நாளிலிருந்து வீடு ஒரே சிரிப்பு.

"உம்மா, உள்ள இருக்கறது பொண்ணா பையனா, சொல்லு."

"வெளிய வரட்டும், கேட்டுச் சொல்றேன்."

"உதைக்கிறத பாத்தா உன் சக்களத்தி ஜாடைதான்."

அந்தப் பக்கம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த டேலு தலையைத் தூக்கவில்லை. கத்தி மட்டும் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

நாளாக ஆக எனக்குக் கை அரிப்பு கூடியது. என் அக்கா அசுமி தலைப்பிரசவத்தில் போனவள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டே இருந்தேன். கால் குளிர்ந்த பிறகும் யாரும் விடச் சொல்லவில்லை.

ஹன்சத்துவின் பாதமும் அசுமியின் பாதம் மாதிரியே இருக்கும். சுண்டுவிரல் உள்ளே மடங்கியிருக்கும். அவள் தூங்கும்போது அதைப் பார்ப்பேன், பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் மாலத்திடம் கேட்டேன். "அவளுக்குத் தண்ணி எழுதியாச்சா?"

"எழுதறேன்."

மறுநாளும் கேட்டேன். "எழுதறேன்னு சொன்னேன்ல." மூன்றாம் நாள் நான் வாயைத் திறக்கும் முன்பே எழுந்து வெளியே போய்விட்டார்.

அது வியாழக்கிழமை. பிள்ளைகளுக்கு விடுமுறை, வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பலகையை எடுத்துக்கொண்டு தானியக் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவளைப் பற்றி அதுவரை பட்டும் படாமலும்தான் எழுதியிருந்தேன். அன்று முழுசாக எழுதினேன்.

'ஹன்சத்து எழுந்திருக்க மாட்டாள். அசுமி போன வழியே போவாள்.'

படித்தேன். நீல விளிம்பு போட்ட எனாமல் கிண்ணத்தில் கழுவினேன். ஒரு எழுத்தும் பலகையில் தங்கிவிடக்கூடாது என்று மூன்று தடவை தேய்த்தேன். தண்ணீர் நல்ல கறுப்பு.

செடிக்கு ஊற்ற எழுந்தபோது மாலம் கூப்பிட்டார். டௌராவிலிருந்து விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், உடனே சாப்பாடு வேண்டும். கிண்ணத்தைத் தரையில் வைத்தால் கோழி தட்டிவிடும், யார் காலாவது படும். மாடத்தில் உயரமாக வைத்து, ஓலைத்தட்டால் மூடிவிட்டுப் போனேன். மூன்று பேருக்குக் களியும் பெருக்கமர இலைக் குழம்பும் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகும்?

மாடத்தில் ஓலைத்தட்டு மட்டும் இருந்தது. கிண்ணம் கழுவிக் கவிழ்த்தப்பட்டு, பானைகளோடு பானையாக இருந்தது.

கோழி தட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். கோழி கிண்ணத்தைக் கழுவி வைக்குமா? யாராவது அழுக்குத் தண்ணீர் என்று கொட்டியிருப்பார்கள் என்று சொன்னேன். மாலத்தின் வீட்டில், மை கலந்த தண்ணீரை, மூடி வைத்த தண்ணீரை, யார் அழுக்கு என்று கொட்டுவார்கள்?

ஹன்சத்துவின் அறைக்குப் போனேன். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதட்டோரம் கறுப்பாக இருந்தது.

"உம்மா, அப்பா ஒருவழியா எழுதிட்டாரு போல. குடிச்சாச்சு."

"யாரு குடுத்தா?"

"யாருன்னு தெரியல. கண்ணசந்துட்டேன். முழிச்சா தலைமாட்டுல இருந்துச்சு. மையில புகை வாசம். ஒரு சொட்டு விடல. அடியில மை தங்கியிருந்துச்சு, அதையும் விரலால வழிச்சு நக்கிட்டு, கிண்ணத்தைக் கழுவி வெச்சுட்டேன்." விரலை நீட்டிக் காட்டினாள். "பிள்ளைக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றேன். என் வாய்தான் சொன்னது.

வெளியே வந்து தானியக் குதிரின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கழுவி ஊற்றினால் நடக்காது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கழுவிக் குடித்தால்? குடிப்பது எதற்காக? எழுதியது உள்ளே போய் வேலை செய்ய வேண்டும் என்றுதானே ஊரே குடிக்கிறது?

மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்பே அவளுக்கு வலி எடுத்துவிட்டது.

மருத்துவச்சி தலாத்து வந்தாள். பருமனான பெண், வரும்போதே சத்தம்.

"ஏண்டி மாப்பிள்ள வீட்டுல உனக்கு என்ன போட்டாங்க? வயிறா இது, பூசணிக்காயா?"

வலிக்கு நடுவிலும் ஹன்சத்து சிரித்தாள். தலாத்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். இரண்டாம் முறை தடவியபோது பேச்சை நிறுத்திவிட்டாள். வெளியே என்னிடம் வந்து மெல்லச் சொன்னாள்.

"பிள்ள இன்னும் மேலயே இருக்கு. சாயங்காலம் அஸர் தாண்டினா நான் பொறுப்பில்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடணும். வண்டிக்குச் சொல்லி வை. நீ ஏன் இப்படி வெளுத்துப் போய் நிக்கிறே? பிரசவம் உனக்கா அவளுக்கா?"

வண்டிக்குச் சொல்லி அனுப்பினோம். நான் உள்ளே போய் ஹன்சத்துவின் கையைப் பிடித்தேன். காலைப் பிடிக்கச் சொன்னார்கள், முடியாது என்றேன். அவள் கத்தும்போதெல்லாம் நான் எழுதிய எழுத்து ஒவ்வொன்றும் அவளுக்குள் எங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. 'மாட்டாள்' என்று எழுதினேனே, அது பிள்ளையின் தலைக்குக் கீழே குறுக்கே கிடக்கிறது. தலாத்து பிள்ளையை அழுத்துகிறாள், அது நகரமாட்டேன் என்கிறது.

கை அரிப்பு தாங்கவில்லை. பலகையைத் தொடவும் பயம். எழுந்து வாசல் அறைக்கு ஓடினேன்.

விருந்தாளிகள் போய்விட்டிருந்தார்கள். மாலம் மடியில் பலகையோடு தனியாக உட்கார்ந்திருந்தார். என் சொல் கோர்வையாக வரவில்லை. எப்படியோ எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிய இரண்டு வாக்கியத்தையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பலகையை என் பக்கம் திருப்பினார். அதில் ஒரே ஒரு எழுத்து இருந்தது, அதுவும் கோணலாக.

"மூணு நாளா எழுதறேன் தசல்லா. இதைத் தாண்டல. கையைப் பாரு."

நீட்டினார். காற்றில் இலை ஆடுவது போல ஆடியது.

"ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் எழுதிக் குடுத்தேன். சிலது பொழைச்சுது, சிலது போச்சு. அல்லாவோட நாட்டம்னு எழுந்து வந்துடுவேன். இவளுக்கு நான் எழுதி, அப்புறமும் ஒண்ணு ஆச்சுன்னா? அதுக்கப்புறம் நான் யாருக்குன்னு எழுதுவேன்?"

"நான் எழுதினது நடக்குமா, அதைச் சொல்லுங்க."

"தெரியாது" என்றார். "மைக்கு அவ்வளவு சக்தின்னா நான் எழுதிக் குடுத்த ஒருத்தியும் செத்திருக்கக் கூடாதே."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டு அவரே பயந்துபோனவர் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளேயிருந்து ஹன்சத்துவின் சத்தம் வந்தது. இருவரும் அதைக் கேட்டோம்.

"நீ எழுது" என்றார். "நான் சொல்லச் சொல்ல எழுது."

"நானா? இந்தக் கையாலயா?"

"உன் கை நடுங்கலியே."

உண்மைதான். மாலம் கைகால் முகம் கழுவி ஒளூச் செய்து வரச் சொன்னார், செய்து வந்தேன். அவருடைய நல்ல பலகையை என் மடியில் வைத்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக வேத வசனம் எழுதினேன். அவர் மெல்லச் சொன்னார். எனக்குச் சந்தேகமான இடத்தில் விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டுவிடுவேனோ என்று நெற்றி வியர்த்துப் பலகையில் சொட்டியது.

கழுவிக் கிண்ணத்தில் பிடித்தபோது திரை அசைந்தது. டேலு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"காலைல வெச்சது நான்தான்" என்றாள். எங்கள் இருவரையும் பார்க்காமல், கதவு நிலையைப் பார்த்துச் சொன்னாள். "மூணு நாளா ஒண்ணும் வரல. மாடத்துல மூடியிருந்தத பாத்தேன். இவர்தான் எழுதி உன்கிட்ட குடுத்துருக்காரு, நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு தூங்கற வரைக்கும் காத்திருந்து வெச்சுட்டு ஓடி வந்துட்டேன். நான் வெச்சேன்னு வெளிய சொல்லிடாதீங்க."

அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் கவலை. தாய் மகளுக்குத் தண்ணீர் வைத்ததை ஊர் அறிந்துவிடுமோ என்று.

"அதுல என்ன இருந்துச்சுன்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன்."

அவள் என் தலைமயிரைப் பிடித்து இழுத்திருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒன்றும் செய்யவில்லை. என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கிண்ணம் காலி. தரையில் உட்கார்ந்தாள்.

"குடிச்சாளா?"

"குடிச்சா. காலைல குடிச்சதுதான் நல்லா இருந்துச்சுன்னு சொல்றா, திமிரு புடிச்சவ."

என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

"அக்கா" என்றாள் டேலு. "நீ எழுதினதத்தான் நானும் நெனச்சுட்டு இருந்தேன். அவ இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து. உனக்காவது பலகை இருக்கு. எனக்கு எழுத வராது. யார்கிட்டயாவது சொல்லலாம்னா, யாரைப் பத்திங்கறதைச் சொல்லணுமே." தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். "எனக்கும் ஒண்ணு எழுது."

வெடித்த பலகையை எடுத்து வந்தேன்.

"சொல்லு."

"ஹன்சத்து" என்றாள்.

மாலம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்க்கக்கூடாததைப் பார்த்தது போல. டேலுவும் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். துணிக்குள்ளிருந்து சொன்னாள்.

"ஹன்சத்து என்னைப் பாத்தா, எங்க நானும் அவளைப் பாத்துடுவேனோன்னு எப்பவும் வேற பக்கம் பாத்தேன். அவ போயிட்டா அவ முகம் எப்படின்னு எனக்குச் சரியாத் தெரியாது. எழுதினியா?"

"எழுதறேன். மெதுவா சொல்லு."

"ஹன்சத்து சின்ன வயசுல தேள் கொட்டி அழுதப்போ நான் கிணத்தடியில இருந்தேன். வரல. ஹன்சத்து." பேரைச் சொல்லப் பழகியவள் போல, தேவையில்லாத இடத்திலும் சொன்னாள். பலகையின் ஒரு பக்கம் நிறைந்தது. திருப்பி மறுபக்கம் எழுதினேன். அந்த நேரத்தில் எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. ஆனால் முதல்தடவையாக, அது என்னுடையது மட்டும் அல்ல என்று தெரிந்தது.

அஸர் தாண்டியது. பிள்ளை வரவில்லை. வண்டி வந்து வாசலில் நின்றது, ஒரு பழைய பேஜோ. ஹன்சத்துவை நாலு பேர் பாயோடு தூக்கிக் கொண்டுபோய்ப் பின்சீட்டில் கிடத்தினோம். தலாத்து கூடவே ஏறினாள். தூக்கிக் குலுக்கியதில் என்ன நடந்ததோ, ஓட்டுநர் சாவியைத் திருப்பும் முன்பே தலாத்து அலறினாள்.

"எடுக்காத! வண்டிய எடுக்காத! எறங்கி அந்தப் பக்கம் போ!"

"என் வண்டி, நான் ஏன் எறங்கணும்?"

"இருந்து பாக்கப் போறியா, வெக்கங்கெட்டவனே!"

அவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். நாங்கள் பெண்கள் துணியைப் பிடித்து வண்டியைச் சுற்றி நின்றோம். டேலு என் பக்கத்தில் துணியின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். பிறகு அந்த அழுகை கேட்டது. பெண்.

பயம் அதோடு தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. இரத்தம் நிற்கவில்லை. அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று நாள் அங்கே வைத்துக்கொண்டார்கள். அந்த மூன்று நாளும் டேலு அந்தப் பலகையைக் கழுவ விடவில்லை.

"அவ எழுந்து வரட்டும். அதுவரைக்கும் எதையும் தண்ணியாக்காத."

நாலாம் நாள் ஹன்சத்து எழுந்து நடந்து வந்தாள். மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆனால் தன் காலில். அன்று டேலு தானே பலகையைக் கழுவினாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மருதாணிச் செடிக்குப் போனாள். வழியில் மாடத்தில் வைத்துவிடப் போகிறாளோ என்று நான் பின்னாலேயே போனேன். கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள். திரும்பி வரும்போது மகள் எதிரே வந்தாள். டேலு பழையபடி வேறு பக்கம் பார்த்தாள்.

குழந்தைக்கு மாப்பிள்ளையின் தாயார் பேரை வைத்தார்கள். தெருவே அவளை மோட்டா என்றுதான் கூப்பிட்டது. எங்கள் பேச்சில் வண்டிக்கு அதுதான் பேர். பேர் வைத்த நாளில் எல்லோர் கையிலும் அந்தச் செடியின் மருதாணிதான். அப்படி ஒரு கறுப்பு, அதற்கு முன் பார்த்ததில்லை.

மாலம் அதற்குப் பிறகும் ஊருக்கு எழுதினார். ஆனால் தண்ணீரோடு, வண்டிக்குச் சொல்லி வையுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஹன்சத்துவுக்கு ஆறு பிள்ளைகள். அன்று காலையில் என்ன குடித்தாள் என்று அவளிடம் நாங்கள் மூன்று பேருமே சொல்லவில்லை. ஒவ்வொரு பிரசவத்தின்போதும் "எனக்கு அந்த மொதத் தண்ணி மாதிரி வேணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதை மோட்டா வாங்கிக் கொடுத்த நோட்டில் எழுதுகிறேன். பேனா மை. எழுதும் நேரமெல்லாம் கை அரித்துக்கொண்டே இருந்தது. எதிரில் டேலு உட்கார்ந்து நிலக்கடலை உரிக்கிறாள். கண் சரியாகத் தெரிவதில்லை, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"என்ன அக்கா, என்னைப் பத்தியா?"

"ஆமாடி."

"படி, கேக்கலாம்."

படித்தேன். அந்தப் பேர் வரும் இடத்தில் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள், அன்றைக்குப் போலவே. கடலை மடியில் கொட்டியது.

"அதை எடுத்துடு. நான் சொன்னேன்னு இருக்க வேணாம்."

"எப்படிடி எடுக்க? இது தாளு. கழுவ முடியாது."

"அந்தத் தண்ணிக் கதையும் அதுல இருக்கே. வெள்ளிக்கிழமை உன் மக வராளே. படிக்கத் தெரிஞ்சவளாச்சே."

"தெரியும்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு."

துணிக்குள்ளிருந்து கை மட்டும் வெளியே வந்து மடியில் துழாவிக் கடலையைப் பொறுக்கியது.

"சரி, இருக்கட்டும்" என்றாள். "ஆனா வெள்ளிக்கிழமை அவ படிக்கும்போது நானும் பக்கத்துல இருப்பேன். தூங்கிட்டா என்னை எழுப்பி விடு."